மகனுக்குச் சூட்டும் பெயர்



நம் குடும்பங்களில் ஆண்மகவு பிறந்தால் பெற்றோர் நம்மை நாடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றே. பெயர் சிறியதாக இருத்தல் வேண்டும். பௌத்தப் பெயராகவும் இருத்தல் வேண்டும். எவரேனும் வினவினால் பொருள் சொல்லத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பர். மூன்றும் நியாயமான கோரிக்கைகளே. ஆயினும் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? பெயர் என்பது யாது, அதனால் ஆவது என்ன, அதனால் ஆகாதது என்ன என்பதைத் தம்மத்தின் வழி நின்று சிறிது ஆராய்வோம்.

முதலாவது, சிறிய பெயர் ஏன்? நீண்ட பெயரைச் சூட்டிப் பாருங்கள். மூன்றாம் நாளே அது அறுபட்டுவிடும். சித்தார்த்தன் என்று சூட்டினால் தெருவில் 'சித்து' என்பார்கள். தருமகீர்த்தி என்றால் பாதி போய்விடும். நாம் பஞ்சாலையில் நூற்பு இயந்திரத்தின் முன் நின்ற காலத்தில் இதை நாள்தோறும் கண்டிருக்கிறோம். நாராயணசாமி 'நாணா' ஆனார். முனிரத்தினம் 'முனி' ஆனார். மேஸ்திரிக்கு அவ்வளவு சொல்லவும் பொழுதில்லாத வேளையில் டோக்கன் எண்ணே பெயராயிற்று. அதே ஆலையில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்களின் பெயர் எவ்வளவு நீண்டிருந்தாலும் ஓரெழுத்தும் குறையவில்லை. கடைசியில் ஓர் 'ஐயா' சேர்ந்து மேலும் நீண்டது. ஆகவே மூன்றெழுத்தில், நான்கெழுத்தில் பெயர் வேண்டும் என்று நம் மக்கள் கேட்பதில் ஒரு பட்டறிவு உண்டு. குறைப்பதற்கு இடமில்லாத பெயரைக் குறைத்து அழைக்க எவராலும் இயலாதன்றோ?

இனி, பெயரால் ஆவது என்ன என்பதற்கு வருவோம். ஜாதகக் கதைகளில் 97-ஆவதாக உள்ளது நாமசித்தி ஜாதகம். முற்காலத்தில் தட்சசீலத்தில் போதிசத்துவர் ஐந்நூறு மாணாக்கருக்குக் கல்வி புகட்டும் ஆசிரியராக இருந்தார். அம்மாணாக்கருள் ஒருவன் பெயர் பாபகன். 'தீயவன்' என்பது அதன் பொருள். 'பாபகா, இங்கே வா. பாபகா, அங்கே போ' என்று எல்லோரும் அழைக்க அழைக்க அவன் மனம் நைந்தான். ஆசிரியரிடம் சென்று, "ஐயனே, என் பெயர் அமங்கலமானது, வேறொன்று சூட்டுங்கள்" என்று வேண்டினான். ஆசிரியர், "நாடெங்கும் சுற்றி உனக்கு உகந்த பெயரை நீயே கண்டுபிடித்து வா; அதையே சூட்டுகிறேன்" என்றார்.

கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு புறப்பட்டான். ஒரு நகரத்தில் பிணத்தைச் சுமந்து சென்றனர். மாண்டவன் பெயர் என்ன என்று கேட்டான். 'ஜீவகன்' என்றனர். 'உயிர்வாழ்பவன்' என்று பொருள்படும் பெயருடையவன் சாவானோ என்று வியந்தான். "எப்பெயர் உடையவனும் சாவான், பெயர் அழைப்பதற்கு உரியது, நீ அறிவிலி போலும்" என்று சொல்லிப் போயினர். மேலும் நடந்தான். ஒரு வீட்டு வாசலில் அடிமைப் பெண்ணொருத்தியைக் கயிற்றால் அடித்துக்கொண்டிருந்தனர். வேலைக்குப் போனவள் கூலி கொண்டுவந்து தரவில்லையாம். அவள் பெயர் தனபாலி, 'செல்வத்தைக் காப்பவள்'. ஒரு நாள் கூலியும் கையில் இல்லாதவளுக்கு அப்பெயர். பின்னும் நடந்தான். வழி தவறி அலைந்த ஒருவன் எதிர்ப்பட்டான். அவன் பெயர் பந்தகன், 'வழியறிந்தவன்'. பாபகன் திரும்பி வந்து ஆசிரியரிடம், "என் பழைய பெயரே போதும்" என்றான்.

இக்கதையை நம் மக்களிடம் கூறும்போது சிலர் நகைப்பர். ஆனால் தனபாலி அடிபடும் இடத்தில் நம் பெண்கள் நகைப்பதில்லை.

சரி, பெயரில் ஒன்றுமில்லை என்றால், பழைய பெயர்களையே வைத்துக்கொண்டு போகலாமே, புதுப்பெயர் எதற்கு என்று இளைஞர் சிலர் நம்மிடம் வாதிப்பதுண்டு. இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டும். பாபகன் என்ற பெயரால் அவன் தீயவனாகவில்லை என்பது உண்மை. அதனாலேயே, ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பார்த்து, 'உன் பிள்ளைக்கு இழிந்த பெயர்தான் வைக்கவேண்டும்' என்று கட்டளையிடுவது நியாயமாகிவிடுமா? மனுநூலின் இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். பிராமணன் பெயரில் மங்கலமும், க்ஷத்திரியன் பெயரில் வலிமையும், வைசியன் பெயரில் செல்வமும் விளங்க வேண்டும் என்று விதித்தவர்கள், சூத்திரன் பெயரில் இழிவு விளங்க வேண்டும் என்று விதித்தார்கள். நாலாம் வருணத்துக்கே அந்த விதி எனின், அதற்கும் புறத்தே நிறுத்தப்பட்டவர்களின் தொட்டிலைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? பாபாசாகேப் அம்பேத்கர் முன்னிலையில் 1927 டிசம்பர் 25-ஆம் நாள் மகாடில் அந்நூல் தீயிலிடப்பட்டது. குழந்தையின் பெயரிலும் ஏற்றத்தாழ்வை எழுதிவைத்த நூல் அது என்பதை அந்நாளை நினைவுகூரும் நம்மவர் பலர் அறியார்.

எனினும் நம் முன்னோர் தாங்கிய பெயர்கள் அனைத்தும் பிறர் இட்ட இழிபெயர்களே என்று எண்ணிவிடலாகாது. நம் சங்கத்தைச் சேர்ந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். ஆண்குழந்தை பிறந்து பதினோரு நாளாகியும் தொட்டில் கட்டவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. காரணம் பெயர். பெரியவர் தம் தகப்பனாரின் பெயர் குப்பன் என்றும், அது வம்சத்தில் அற்றுப்போகலாகாது என்றும் பிடிவாதமாக நின்றார். மகன் பட்டம் பெற்றவர், கணிப்பொறி வேலையில் இருப்பவர். "நைனா, அது நம்மை மிதித்தவன் வைத்த பெயர். என் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் சிரிப்பார்கள்" என்றார். பெரியவரின் கண்கள் கலங்கின. "மிதித்தவன் வைக்கவில்லையடா, எங்கள் ஆயா வைத்தாள். அவளுக்கு முன்னே மூன்று பிறந்து மூன்றும் போயின. நாலாவது பிறந்ததும் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, அவளிடம் தவிடு கொடுத்து வாங்கினாள். எமனுக்குக் கண் தெரியாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர் அது" என்றார்.

இவ்வழக்கம் தமிழ்நாட்டில் எல்லாக் குலத்தாரிடையேயும் இருந்தது. குப்பன், பிச்சை, மூக்கன் என்னும் பெயர்களுள் பல இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அஞ்சி அஞ்சி இட்டவை. சென்னை இராசதானிக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராய் விளங்கியவர் பெயர் குப்புசாமி சாஸ்திரியார். அவர் தெருவில் நடந்தால் எழுந்து நின்றார்கள். நம் சேரியில் குப்பன் நடந்தால் 'அடே குப்பா' என்றார்கள். பெயரின் வேரில் வேறுபாடு ஏது? குப்பை ஒன்றுதான், மேட்டில் நின்று கூப்பிட்டவன் வாய்தான் வேறு.

அவ்விருவரையும் எதிரெதிரே அமர்த்தி விநய பிடகத்தின் மகாவக்கத்திலுள்ள வரலாறு ஒன்றை எடுத்துரைத்தோம். இராசகிருகத்தில் சாலவதி என்னும் கணிகை ஓர் ஆண்மகவை ஈன்றாள். தன் தொழிலுக்கு அக்குழந்தை ஆகாதென்று எண்ணிப் பணிப்பெண்ணை ஏவினாள். பணிப்பெண் குழந்தையை ஒரு பழைய முறத்தில் இட்டுக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டுப் போனாள். விடியலில் அரசிளங்குமரனாகிய அபயன் அவ்வழியே வந்தான். காக்கைகள் சூழ்ந்திருப்பதைக் கண்டு, அது யாது என்று வினவினான். குழந்தை என்றனர். "உயிரோடிருக்கிறதா?" என்றான். "உயிரோடிருக்கிறது" என்றனர். 'ஜீவதி' என்னும் அச்சொல்லினின்றே ஜீவகன் என்ற பெயர் பிறந்தது. அரண்மனையில் வளர்ந்தான். தட்சசீலத்துக்குப் போய் ஏழாண்டு மருத்துவம் பயின்றான். அங்கே ஆசிரியர் கையில் ஒரு மண்வெட்டி கொடுத்து, ஒரு யோசனைத் தூரம் சுற்றி மருந்துக்கு உதவாத செடி ஏதேனும் உண்டா என்று பார்த்து வரச் சொன்னார். மருந்தாகாத செடி ஒன்றையும் அவன் காணவில்லை. அதுவே அவன் தேறியதற்குச் சான்றாயிற்று. பிற்காலத்தில் பிம்பிசார மன்னனுக்கும், பகவன் புத்தருக்கும், சங்கத்துக்கும் மருத்துவனாக இருந்தவன் அந்த ஜீவகனே. தன் மாந்தோப்பையும் பகவருக்கு அளித்தான்.

பெரியவர் நெடுநேரம் வாய்திறக்கவில்லை. பின்பு, "முறத்திலா வைத்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆம், முறம்தான் என்றோம். அன்று மாலையே தொட்டில் கட்டினர். குழந்தைக்கு ஜீவகன் என்று பெயர் சூட்டப்பெற்றது. பெரியவர் மட்டும் வீட்டுக்குள் 'குப்பா' என்றே கொஞ்சுகிறார். நாம் தடுக்கவில்லை, தடுப்பதற்கு நாம் யார்?

பாபகன் கண்ட பிணத்தின் பெயரும் ஜீவகன் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே பெயர் ஒருவனைச் சாவினின்று காக்கவில்லை. குப்பையில் கிடந்த இன்னொருவனிடம் எத்தனை உயிரைக் காத்தது! காத்தது பெயரன்று, ஏழாண்டுக் கல்வி என்று நீங்கள் சொல்வீர்கள். நாமும் அதையே சொல்லுகிறோம்.

இன்னொரு பெயர் உண்டு. அதை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சு நெகிழும். சோபாகன் என்பது அது. வடமொழியில் 'சுவபாகன்', நாயைச் சமைத்துண்பவன் என்று பொருள். அது ஒரு குலத்துக்கு இட்ட வசை. அவ்வசையையே ஒரு குழந்தை பெயராகச் சுமந்தது. சுடுகாட்டையே உறைவிடமாகக் கொண்டு வளர்ந்த பிள்ளையென உரைகள் கூறும். பகவர் அச்சிறுவனை அழைத்துச் சில வினாக்கள் கேட்டார். ஒன்று எனப்படுவது எது என்பது முதல் வினா. உயிர்கள் அனைத்தும் உணவால் நிலைபெறுகின்றன என்பது அவன் விடையின் கருத்து. பசியறியாத பிள்ளைக்கு அவ்விடை அவ்வளவு விரைவில் தோன்றியிருக்குமோ என்று நாம் ஐயுறுவதுண்டு. இவ்வாறு பத்து வினாக்களுக்கும் விடை கூறி ஏழு வயதிலேயே அவன் சங்கத்தில் சேர்ந்தான். தேரகாதையில் அவன் வாக்கும் இடம்பெற்றிருக்கிறது.

பகவர் அவன் பெயரை மாற்றவில்லை. மூத்த தேரர்களின் பெயர்களுக்கிடையே சோபாகன் என்ற பெயரும் ஒலிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்படியாயின் நம் பிள்ளைகளுக்கும் வசைப்பெயரே இருக்கட்டுமா என்று கேட்டால், நம் தீர்ப்பு இது: தானே சுமந்த பெயரைத் தன் ஒழுக்கத்தால் உயர்த்துவது பெரியோர் செயல், இன்னும் கழுத்து நிற்காத சிசுவின் தலையில் அச்சுமையை நாமே தூக்கி வைப்பது பெற்றோர் செயலாகாது. வயதானோர் தம் பழம்பெயரை மாற்றித்தான் தீரவேண்டும் என்று நாம் எவரையும் வற்புறுத்துவதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரை விரும்பி ஏற்றுக்கொண்டார். அது நன்றியினால் நேர்ந்த மாற்றம். பாபாசாகேப் பீம்ராவ் என்னும் தம் பெயரை மாற்றவில்லை. 'பீம' என்பதற்கு அஞ்சத்தக்க ஆற்றலுடையவன் என்று பொருள். இதிகாசத்திலிருந்து வந்த பெயராயிற்றே, நாம் வைக்கலாமா என்று கேட்போர் உளர். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் திரிசரணம் புகுந்தவரின் பெயர் அது. தாராளமாக வைக்கலாம்.

ராகுலன் என்னும் பெயரைப் பற்றிப் பலர் நம்மிடம் தனியே வந்து மெல்லக் கேட்கிறார்கள். மகன் பிறந்த செய்தி கேட்டதும் சித்தார்த்தர், 'தளை பிறந்தது' என்னும் கருத்துப்படச் சொன்னார் என்றும், அதிலிருந்தே இப்பெயர் எழுந்தது என்றும் பாளி மரபு கூறுகிறது. வடநாட்டு மரபுநூல்களில், குழந்தை பிறந்த இரவில் ராகு சந்திரனை மறைத்தமையால் இப்பெயர் வந்ததென்று காண்கிறோம். 'பிள்ளையைத் தளை என்று அழைப்பதா?' என்று தாய்மார் தயங்குகின்றனர். அம்மணீ, தளை என்பது தகப்பனைப் பற்றிய சொல். பிள்ளையைப் பற்றிய சொல் அன்று. உங்கள் மடியில் கிடப்பவன் தளையல்லன். அவனைக் கண்டதும் நம் கால்கள் நகர மறுக்கின்றன அல்லவா, அதுவே தளை. அன்பின் கட்டு எவ்வளவு வலியது என்பதற்கு அப்பெயரைக் காட்டிலும் சான்று வேறு இல்லை. அன்றியும், அந்த ராகுலன் ஏழு வயதில் துறவேற்று, விளையாட்டுக்கும் பொய் சொல்லாதே என்னும் உபதேசத்தைப் பெற்றவன். பகவர் கால் கழுவும் கலத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துக் காட்டி, பிறகு அதைக் கொட்டிக் காட்டி, கலத்தைக் கவிழ்த்துக் காட்டி அவ்வுண்மையைப் பிள்ளைக்குப் புரிய வைத்தார். ஒரு தகப்பன் மகனுக்குப் பாடம் சொல்லும் முறை அது. ராகுலன் என்று பெயர் வைக்கும் தகப்பன்மார், ஒரு சொம்பு தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் கைவசம் வைத்திருக்கட்டும்.

இனித் தமிழிலேயே உள்ள பெயர்கள். பௌத்தப் பெயர் என்றால் பாளியிலிருந்துதான் வரவேண்டும் என்று நம்மவர் எண்ணுகின்றனர். அது தேவையில்லை. மணிமேகலை பாடியவர் கூலவாணிகன் சாத்தனார். புத்தருக்குரிய 'சாஸ்தா', அதாவது ஆசான் என்னும் பெயரே சாத்தன் என்றாயிற்று என்பது 'பௌத்தமும் தமிழும்' எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற அறிஞர் கருத்து. நான்கே எழுத்து, ஆசான் என்று பொருள், காப்பியம் பாடிய கை. ஏனோ இப்பெயரை இன்று எவரும் வைப்பதில்லை. நற்றிணையில் 72-ஆம் பாட்டைப் பாடியவர் இளம்போதியார். போதி மரத்தின் பெயர் சங்கப் புலவர் ஒருவர் பெயரிலேயே தழைத்திருக்கிறது. போதி என்றால் விழிப்பு. இரண்டே எழுத்து. மணிமேகலைக்குத் தம்மம் உரைத்த அறவண அடிகளின் பெயரால் அறவணன் எனலாம். வீரசோழியம் செய்த புத்தமித்திரரின் பெயர் சற்று நீண்டது. மித்திரன் என்று நிறுத்திக்கொண்டால் நண்பன் என்ற பொருள் எஞ்சும்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையையும் பெயர் வைக்கும் வேளையில் நினைத்தல் நலம். சாலி என்பவள் பெற்றுத் தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்வியில் பலியிடக் கட்டிவைத்த பசுவை அவன் இரவோடிரவாக அவிழ்த்துவிட்டபோது, 'ஆவின் மகனல்லவா நீ' என்று பிறப்பைச் சொல்லி இகழ்ந்து துரத்தினர். பால் கொடுத்தவளின் பெயர் தன் பெயரில் இருப்பதை அவன் இழிவென்று கருதினானா? இல்லை. அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பு எத்தகையது என்று எதிர்வினா எழுப்பிவிட்டு, மதுரைக்குச் சென்று பிச்சையெடுத்த சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டினான். அமுதசுரபி முதன்முதல் வந்து சேர்ந்தது அவன் கையில்தான்.

அசோகன் என்னும் பெயர் நம்மிடையே மிகுதி. துயரற்றவன் என்று பொருள். மகனைப் பெற்றதும் என் துயர் தீர்ந்தது என்று தாய் மகிழ்ந்து வைத்த பெயர் என அசோகாவதானம் கூறும். வேடிக்கை யாதெனில், அப்பேரரசனின் கல்வெட்டுகள் பலவற்றில் அப்பெயரே இல்லை. தேவானம்பிய பியதசி என்றே இருக்கும். 1915-இல் பீடன் என்னும் சுரங்கப் பொறியாளர், இன்றைய கர்நாடகத்தின் ராயச்சூர் மாவட்டத்திலுள்ள மாஸ்கியில் ஒரு பாறையெழுத்தைக் கண்டார். அதில்தான் அசோகன் என்ற பெயர் வெளிப்பட்டது. பொன் தோண்டும் தொழிலைச் சேர்ந்த ஒருவர் கண்ணில் அது பட்டதென்று சொன்னால் தங்கவயலில் பிறந்த நம் மக்கள் முகம் மலர்வார்கள்.

ராசி எழுத்து, எண் கணக்கு ஆகியவற்றைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. 'சூ, சே' என்று எழுத்தைக் குறித்துக்கொண்டு வந்து, இதில் தொடங்கும் பௌத்தப் பெயர் சொல்லுங்கள் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டினால் அதிர்ஷ்டம் என்று பணம் கொடுத்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அப்பணத்துக்குக் குழந்தைக்கு ஒரு கம்பளி வாங்கியிருக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்டைய பௌத்தரும் விண்மீன் பெயரை வைத்ததுண்டு. திஸ்ஸன் என்பது பூச நட்சத்திரத்தின் பெயர். இலங்கையில் மகிந்த தேரரை வரவேற்ற மன்னன் தேவானம்பிய திஸ்ஸன். பாடலிபுத்திரத்தில் மூன்றாம் சங்காயனத்துக்குத் தலைமை தாங்கியவர் மொக்கலிபுத்த திஸ்ஸர். பிறந்த நாளை நினைவுகொள்ள மீனின் பெயரை வைப்பது வேறு. அம்மீன் பிள்ளையின் விதியை எழுதுகிறதென்று நடுங்குவது வேறு. முன்னதற்குத் தடையில்லை.

வேறு சில பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். யசன் என்றால் புகழ். காசியின் பெருஞ்செல்வன் மகன். இன்பங்களில் வெறுப்புற்று நள்ளிரவில் வெளியேறிப் பகவரை இசிபதனத்தில் கண்டவன். அவன் தந்தையே திரிசரணம் மொழிந்த முதல் இல்லறத்தான். நந்தன் என்றால் மகிழ்ச்சி. பகவரின் மாற்றாந்தாய் மகன் பெயர் அது. தமிழில் இப்பெயரைக் கேட்டதும் தில்லையில் தீப்புகுந்தவரின் கதை நினைவுக்கு வரும். அயோத்திதாசரோ நந்தனை அரசனாகவே கண்டு எழுதினார். சுனீதன் என்றால் நன்னெறியில் செலுத்தப்பட்டவன். வாடிய பூக்களை அள்ளித் தெருக்கூட்டிய கை, பின்பு தேவர்கள் தொழும் கையாயிற்றென்று தேரகாதை கூறும். அபயன் என்றால் அஞ்சாதவன், குப்பைமேட்டில் நின்று கேள்வி கேட்ட அரசிளங்குமரன். சீலன் என்பதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து சீலங்களையும் நாள்தோறும் சொல்லுகிறோம்.

பெயர் மெய்யாவது எப்போது? அங்குலிமாலனின் பிறவிப் பெயர் அகிம்சகன், தீங்கிழையாதவன். அப்பெயருடையவன்தான் காட்டில் நின்று மனிதரைக் கொன்று விரல்களை மாலையாக அணிந்தான். பகவரைக் கண்டபின் ஆயுதத்தை எறிந்தான். பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி பட்டுத் தலை உடைந்து இரத்தம் ஒழுக வந்தபோதும் சினங்கொள்ளவில்லை. முன்பு பிறர்க்குத் தீங்கு செய்தபோது பொய்யாயிருந்த என் பெயர் இன்றுதான் மெய்யாயிற்று என்னும் கருத்தை அவனே கூறினான். தாய் தந்தையர் பல்லாண்டுக்கு முன் வைத்த பெயர் அத்தனை காலம் அவனுக்காகக் காத்திருந்தது.

நடைமுறைச் செய்திகள் சில. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயர் முடிவாகவில்லையெனில் அதற்காகப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குமேல் கட்டணத்துடன் சேர்க்கலாம். பௌத்தப் பெயர் வைத்தால் சாதிச் சான்றிதழும் கல்விச் சலுகையும் போய்விடும் என்று அஞ்சுவோர்க்குச் சொல்லுகிறோம்: பட்டியல் சாதியார் பௌத்தராயினும் அந்நிலைக்கு உரியவரே என்று 1990-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு நம் தந்தையர் தலைமுறை இழந்தது உண்மை. அவ்வச்சம் இன்னும் வீடுகளில் குடியிருப்பதில் வியப்பில்லை. பெயருக்குப் பின்னே சாதிப் பட்டத்தை மட்டும் சேர்க்க வேண்டாம். பட்டமில்லாத பெயர் எழுதுவதற்கும் சுருக்கம்.

பகவரின் தலைமைச் சீடர் இருவரையும் உலகம் எப்பெயரால் அறியும்? சாரிபுத்தர் என்பது சாரியின் மகன் என்று பொருள்படும். அவருடைய இயற்பெயர் உபதிஸ்ஸர். மொக்கல்லானரும் மொக்கலி என்னும் தாயின் பெயராலேயே விளங்கினார். தம்மசேனாபதி என்று போற்றப்பட்டவரே தாயின் பெயரைச் சுமந்து நடந்தார் எனின், நம் பிள்ளைகளின் முதலெழுத்தாகத் தகப்பன் பெயர் மட்டும் இருப்பானேன்? வரும் வைகாசிப் பௌர்ணமியன்று காலை வழிபாட்டுக்குப் பின் நம் சங்கத்து மண்டபத்தில் பெயர் சூட்டுதல் நடைபெறும். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதியபின் பெயரை மும்முறை குழந்தையின் காதில் சொல்ல வேண்டியவர் தாய். ஆதலின் அவர் கூட்டத்தின் பின்வரிசையில் அமராமல் முன்னே வந்து அமர்க. சூட்ட விரும்பும் பெயரைத் தாளில் எழுதி, அதன்கீழ் தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் தெளிவாக எழுதிக்கொண்டு வருக.